பராமரிப்பு வகையில்

முதலில் தவிட்டைத்தான் சந்தேகித்தோம்.
புதுவயலில் யார் தும்மினாலும்
தவிடுதான் குற்றவாளி.
பதினாறு வருஷம் ரைஸ்மில்லில் கணக்கெழுதுகிறவளுக்கு
வேறென்ன வரும் என்று முதலாளி
ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கித் தந்தார்,
வவுச்சரில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகமானது.
அன்றைக்கு மில் ஓடாது.
கூட்டல் தெரிந்தவள்தான்;
கூட்டாமல் வைத்திருந்தேன்.

காரைக்குடி, செக்காலை ரோடு.
மூச்சிரைக்கிறவர்கள் எல்லாரும் ஏறியாக வேண்டிய
இரண்டாம் மாடி.
டாக்டர் ஜொஹரா என் முன்கையில்
நீலப் பேனாவால் எண் போட்டார்,
ஒன்று முதல் பன்னிரண்டு வரை.
எண்ணுக்கு ஒரு சொட்டு, சொட்டுக்கு ஒரு குத்து.
கால்மணி நேரம். சொறியக் கூடாது.

நெல் தூசி, ஒன்றுமில்லை.
பஞ்சு, ஒன்றுமில்லை.
கரப்பான் லேசாகச் சிவந்தது, மரியாதைக்கு.
ஒன்பதாம் எண்
வெள்ளைப் பணியாரம் மாதிரி
ஓரம் நெளிந்து உப்பி நின்றது.

வீட்டில் பூனை உண்டா என்றார்.

உண்டு.
ரசீதுக் கட்டுகள் வந்த அட்டைப்பெட்டியில்
கண் திறக்காமல் கிடந்ததால் அதன் பேர் ரசீது.
என் கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவில்
ஏழு வருஷமாக ஒரு பள்ளம் வைத்திருக்கிறது.
குழம்பில் மீனில்லாத நாளில் பேசாது.
வாடகைக்கு இருக்கும் இரண்டாங்கட்டில்
ஆத்தங்குடிக் கல்லின் எந்தப் பூ குளிர்ச்சியென்று
அதற்குத்தான் தெரியும்.
அக்கினி நட்சத்திரத்தில்
அது எழுந்துபோன பூவில் நான் படுப்பேன்.

இத்தனை நாள் இல்லாதது எப்படி டாக்டர்?
வரும், எப்போது வேண்டுமானாலும் வரும்.
முடிகூட இல்லையாம். எச்சில்.
நக்கி நக்கித் தன்னைத் துடைத்துக்கொள்கிறதே,
அது காய்ந்து பொடியாகிப் பறக்கிறதாம்.
அதன் சுத்தம்தான் எனக்கு ஆகவில்லை.

ஒத்துக்கலை.
கத்திரிக்காய்க்குச் சொல்வோம்,
வெளியூர்த் தண்ணீருக்குச் சொல்வோம்.
எனக்கு வந்துபோன இரண்டு ஜாதகங்களுக்கும்
ஒத்துவரலை என்றுதான் சொன்னார்கள்.
அப்போது யாரோ சொல்ல நான் கேட்டேன்.
இந்தத் தடவை நானே சொல்லியிருக்கிறேன்,
எனக்குத் தெரியாமல்.
கையெழுத்துப் போட்டு மூடிய ஏழு வருஷக் கணக்கை
எட்டாம் வருஷம் பிரித்து
முதல் பக்கத்திலிருந்தே தப்பு என்கிற ஆடிட்டர்
என் தோலுக்கடியில் இருந்திருக்கிறார்.

மாத்திரை. மூக்குக்குள் அடிக்கும் மருந்து. இன்ஹேலர்.
படுக்கையறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன்.
பர்மாத் தேக்கு, காற்றுக்கூட நுழையாது.
குரல் நுழைந்தது.
நான்காம் நாள் நானே திறந்தேன்.
விடிகாலை மூன்று மணிக்கு
பக்கத்துப் போர்ஷன் உமையாள் ஆட்டோ பிடித்தாள்.

மூன்றாம் குடோனில் எலி என்று
முதலாளியிடம் சொன்னது நான்தான்.
எலி இருந்தது உண்மை. எப்போதும் இருந்தது.
வாட்ச்மேன் சேவுகன் சாக்கு விரித்துக் கொடுத்தார்.

இப்போது அதற்கு இரவு டியூட்டி.
மதியம் ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து உட்காரும்.
முன்னங்காலை நக்கிக் காதுக்குப் பின்னால் துடைக்கும்,
ஒரு தடவை, இன்னொரு தடவை,
ஏதோ விசேஷத்துக்குக் கிளம்புகிற மாதிரி.
போதும் என்பேன், கண்ணாடியிடம்.
பால் பன்னிரண்டு, கருவாடு பத்து.
பெல்ட்டுக்கும் கிரீஸுக்கும் கீழே
பராமரிப்பு வகையில் எழுதிவிடுகிறேன்.

நேற்று சம்பளம் வாங்க சேவுகன் உள்ளே வந்தார்.
குனிந்து கையெழுத்துப் போடும்போது
எனக்கு அடுக்காக ஐந்து தும்மல்.
அவர் சட்டைக் காலரில், கழுத்தோரம்,
பழுப்பாக இரண்டு முடி.

அங்கேயா படுக்குது என்றேன்.
ஆமாக்கா, தள்ளிவிட்டாலும் போகமாட்டேங்குது.

சரி,
தேதி போடுங்க என்றேன்.